நண்டு வளையும் காரின் கீறலும்



காவிரிப் பாசனப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நண்டு வளையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாலையில் வயலில் தேக்கி வைத்த தண்ணீர் காலையில் அடுத்த வயலுக்கு இறங்கிப் போயிருக்கும். தேடிப் பார்த்தால், வரப்பில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை தெரியும். விவரம் அறியாதவர் அந்தத் துளையின் வாயில் ஒரு பிடி சேற்றை அப்பிவிட்டுப் போய்விடுவார். மேலே பார்க்க வரப்பு சரியாகத்தான் தோன்றும். ஆனால் உள்ளே வளை அப்படியே இருக்கும். தண்ணீரும் ஒழுகிக்கொண்டே இருக்கும். விவரம் அறிந்த விவசாயியோ, மண்வெட்டியால் அந்த இடத்தை வெட்டி, வளை முடியும் இடம் வரை தோண்டிப் பார்த்து, பிறகுதான் புதுச் சேறு போட்டு மிதிப்பார்.

காரின் பெயின்ட்டில் விழும் கீறலும், லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த ஜல்லி ஏற்படுத்தும் கடுகளவுக் காயமும் இந்த நண்டு வளையைப் போன்றவையே. "சின்னக் கீறல்தானே, தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். அல்லது, பழுப்பேறிய பிறகு அதன் மேலேயே கொஞ்சம் பெயின்ட்டைத் தடவி மறைத்துவிடுகிறோம். இரண்டும் தவறு என்பது என் கருத்து. கீறலை அழகுக்காக மறைப்பது நம் வேலை அல்ல. துரு புகாமல் அடைப்பதுதான் வேலை. அந்த வேலையை வீட்டிலேயே, அதுவும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களாகிய நீங்களே செய்ய முடியும். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு தாள் தடிமன்தான்!

ஒரு காரின் மேல் உள்ள பெயின்ட் எவ்வளவு தடிமன் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுத்துத் தொட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான்! ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள்ளும் நான்கு அடுக்குகள் இருக்கின்றன.

இரும்புத் தகட்டை முதலில் பாஸ்பேட் கரைசலில் நனைத்து, பெயின்ட் பிடிப்பதற்கு ஏற்றதாக்குகிறார்கள். பிறகு காரின் உடலை முழுவதுமாகப் பெயின்ட் தொட்டியில் மூழ்க வைத்து, மின்சாரம் செலுத்தி முதல் அடுக்கைப் படிய வைக்கிறார்கள். கை நுழையாத இடுக்குகளிலும் பெயின்ட் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் பிரைமர். அதன் மேல் கண்ணுக்குத் தெரியும் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற 'கிளியர்' அடுக்கு. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்குவதும் இந்த மேலடுக்குதான்.

பழைய கார்களில் இந்தக் கிளியர் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார்கள் சில இன்னும் நம் ஊர்களில் ஓடுகின்றன. அத்தகைய பழைய காரை வெள்ளைத் துணியில் பாலிஷ் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால், அதன் மேல் கிளியர் அடுக்கு இல்லை என்று அறியலாம்.

துரு பக்கவாட்டில் பரவுகிறது

துரு பிடிக்க இரும்பு, நீர், ஆக்ஸிஜன் மூன்றும் வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அது எப்படி நகர்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூ.ஆர். எவன்ஸ் (1889–1980) என்ற விஞ்ஞானி இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்பு நீரை வைத்து ஆராய்ந்தார். சொட்டின் ஓரத்தில் காற்று எளிதாகப் புகுவதால் அங்கே ஆக்ஸிஜன் அதிகம், நடுவில் குறைவு. அதனால் நடுவில் இரும்பு அயனியாகக் கரைகிறது. அது விட்டுச் சென்ற எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓரத்துக்குப் போகின்றன. அங்கே ஆக்ஸிஜனும் நீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாக மாறுகின்றன. ஆக, அந்த ஒரு சொட்டு நீர் ஒரு சின்ன மின்கலம்!

இதையே கீறலுக்குப் பொருத்திப் பாருங்கள். கீறலின் அடியில் இரும்பு கரைகிறது. பக்கத்தில் உள்ள பெயின்ட், நீரையும் ஆக்ஸிஜனையும் முழுவதுமாகத் தடுத்துவிடாது. மிகச் சிறிதளவு உள்ளே ஊடுருவும். ஆகவே அந்தப் பெயின்ட்டின் அடியில் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அது காரம் அல்லவா? பெயின்ட்டுக்கும் இரும்புக்கும் இடையே உள்ள பிடிப்பை அந்தக் காரம் தளர்த்துகிறது. பெயின்ட் மேலெழும்புகிறது, நீர் இன்னும் உள்ளே போகிறது. துருவின் பருமன் அது தின்ற இரும்பின் பருமனைவிடப் பெரியது. அதனால் பெயின்ட் கொப்புளம் போல உப்புகிறது. வெளியே கடுகளவு பழுப்பு தெரியும்போது, உள்ளே அது மிளகளவோ அதற்கு மேலோ பரவியிருக்கும்.

எல்லா உலோகமும் இப்படி இல்லை. சுவாமிமலையில் வார்க்கும் செப்புத் திருமேனிகளின் மேல் காலப்போக்கில் ஒரு படலம் உண்டாகிறது. அது உலோகத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பொருபொருவென்று உதிர்வது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வது. அதனால்தான் 'துருவே ஒரு பூச்சுதானே' என்று விட்டுவிட முடிவதில்லை.

நம் பகுதிக்கு ஏன் கூடுதல் கவலை?

உப்பு கலந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். ஆகவே உப்பு பட்டால் துரு வேகமாகப் பரவும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் வரை போய்வரும் வண்டிகளில் கடற்காற்றின் உப்பு படிகிறது. வயல் வேலைக்கு உதவும் வண்டிகளுக்கு இன்னொரு உப்பும் உண்டு. உர மூட்டையிலிருந்து சிந்தும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஒரு குளோரைடு உப்புதான். டிராக்டர் டிரெய்லரின் தரைத் தகட்டிலும், மூட்டை ஏற்றிய காரின் பின்பெட்டியிலும் முதலில் துரு பிடிக்கும் இடங்கள் எவை என்று கவனித்துப் பாருங்கள்.

அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியும் பறக்கிறது. நெற்பயிரின் தோகை கையைக் கிழிப்பதை அறிவீர்கள். அதில் சிலிக்கா இருப்பதுதான் காரணம். சாலைத் தூசியில் உள்ள மணலும் சிலிக்காதான். காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கும்போது, உண்மையில் நாம் மணலால் பெயின்ட்டைத் தேய்க்கிறோம். வைக்கோலைச் சுருட்டித் தேய்ப்பது இன்னும் மோசம். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டுத்தான் துணியை எடுக்க வேண்டும். வீட்டில் விழும் மெல்லிய கீறல்களில் பல, இப்படித் துடைப்பதால் விழுபவையே.

இதற்கெல்லாம் மேலே ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை. சித்திரையில் விழுந்த கீறலை மழைக்கு முன்னே அடைக்காவிட்டால், பிறகு மூன்று மாதங்களுக்கு அது அடிக்கடி நனைந்துகொண்டே இருக்கும்.

முதலில் ஆழத்தைப் பாருங்கள்

கீறலைக் கண்டதும் பெயின்ட் வாங்க ஓடாதீர்கள். அது எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்பதைக் கண்டறிவதே பாதி வேலை. அதற்கு நான்கு எளிய சோதனைகள் போதும்.

ஒன்று, கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது கீறல் மறைந்தால், காயம் கிளியர் அடுக்கோடு நின்றுவிட்டது. கீறலின் கரடுமுரடான பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பியதும் சிதறல் குறைகிறது.

இரண்டு, விரல் நகத்தைக் குறுக்கே மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டினால் ஆழம் அதிகம்.

மூன்று, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அடியைப் பாருங்கள். சாம்பல் நிறமோ வெள்ளையோ தெரிந்தால் அது பெரும்பாலும் பிரைமர். பளபளவென்றால் உலோகம். பழுப்பு என்றால் துரு வந்துவிட்டது.

நான்கு, கீறலுக்குப் பக்கத்தில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். இன்றைய கார்களின் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். காந்தம் ஒட்டாத பிளாஸ்டிக்கில் துரு பிடிக்காது. அங்கே அவசரம் இல்லை.

கிளியர் அடுக்கோடு நின்ற கீறலை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். பாலிஷ் போட்டால் மறையும், உண்மைதான். ஆனால் பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள அடுக்கைத் தேய்த்துச் சமமாக்குகிறது. பற்பசை தடவச் சொல்லும் 'கைவைத்திய'மும் இதுவேதான். பற்பசையில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் தூளோ சிலிக்காத் தூளோ தேய்க்கிறது. ஒரு தாள் தடிமனே உள்ள காப்பை, மினுக்குவதற்காக அடிக்கடி தேய்த்துக் குறைப்பது புத்திசாலித்தனமா? யோசியுங்கள்.

பிரைமரோ உலோகமோ தெரியும் காயத்தைத்தான் தள்ளிப்போடக் கூடாது.

செய்யும் முறை

வீட்டுப் பெரியவர்களின் அனுமதியோடு, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், மழையில்லாத நாளில் தொடங்குங்கள். தின்னர் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

காயத்தைச் சோப்பு நீரால் கழுவி, நன்றாக உலர விடுங்கள். துரு இருந்தால் அதை முழுவதும் எடுக்க வேண்டும். உப்புத்தாளைச் சிறு வட்டமாக வெட்டி, பென்சிலின் பின்புற முனையில் ஒட்டிக்கொண்டால் காயத்தை மட்டும் தேய்க்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் 'வாட்டர் பேப்பர்' நல்லது, தூள் பறக்காது. பழைய பெயின்ட்டுகள் சிலவற்றில் ஈயம் உண்டு. அந்தத் தூளை மூச்சில் இழுப்பது கெடுதல். விளிம்பில் பெயின்ட் தளர்ந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். காயம் பெரிதாகிறதே என்று தயங்க வேண்டாம்! வளை முடியும் இடம் வரை தோண்டித்தான் ஆக வேண்டும்.

உலோகம் பளிச்சென்று தெரிந்ததும், ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். அதன் பிறகு அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். உங்கள் வியர்வையிலும் உப்பு உண்டு அல்லவா?

அடுத்தது பிரைமர். ஒரு தீக்குச்சியின் முனையில் ஒரு சொட்டு எடுத்து, காயத்தின் நடுவில் வையுங்கள். அது தானே பரவிக்கொள்ளும். தகரக் குப்பியில் எழுதியுள்ள நேரம் வரை உலர விட்டு, பிறகு நிறப் பெயின்ட். காரின் நிறத்துக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு; கதவுத் தூணிலோ, பானெட்டுக்குள்ளோ உள்ள தகட்டில் பெரும்பாலும் அது இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி 'டச்-அப்' பெயின்ட் கேளுங்கள். ஒரே தடவையில் தடிமனாக வைக்காமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை வையுங்கள். தடிமனாக வைத்தால் மேல் மட்டும் உலர்ந்து உள்ளே ஈரம் தங்கும்; பின்னால் சுருங்கும். கடைசியாகக் கிளியர் ஒரு சொட்டு.

மார்கழிப் பனிக் காலையில் இந்த வேலை வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. ஈரக் காற்றில் உள்ள நீராவி அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, லாக்கர் பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். பெயின்ட்டர்கள் மழைநாளில் வேலையைத் தள்ளிப்போடுவது சோம்பலால் அல்ல.

வீட்டில் செய்யக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டறைகளில் இரண்டு குப்பிகளைக் கலந்து துப்பாக்கியால் தெளிக்கும் பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற பொருள் பெரும்பாலும் உண்டு. அதன் தெளிப்பை மூச்சில் இழுப்பது நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவைத் தரக்கூடும். அது தகுந்த முகக்கவசமும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. வீட்டில் நமக்குத் தீக்குச்சியும் சிறு தூரிகையும் போதும். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், தகடு நசுங்கிய இடம், ஓட்டை விழுந்த துரு ஆகியவற்றைப் பட்டி பார்த்து டிங்கரிங் செய்யத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

கடுக்காய் சொல்லும் பாடம்

துருவைச் சுரண்டாமலே மாற்றிவிடும் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் பாஸ்பாரிக் அமிலமோ டானின் என்ற பொருளோ இருக்கும். டானின் நமக்குப் புதிதல்ல. கடுக்காயின் துவர்ப்பு அதுதான். கடுக்காய்த் தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டி, துருப்பிடித்த ஆணியை அதில் போட்டுப் பாருங்கள், கருநீலமாக மாறும். கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு எழுதுவதும் இதே இரசாயன மாற்றத்தால்தான்: துணியில் கடுக்காய், எழுதும் மையில் இரும்பு. நம் கும்பகோணம் வட்டாரத்தோடு தொடர்புடைய கருப்பூர் கலம்காரி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஆனால் இந்தத் திரவங்கள் உதிரும் துருவின் அடிவரை போவதில்லை. சுரண்டிய பிறகு குழிகளில் மிஞ்சும் மெல்லிய துருவுக்கே அவை பயன்படும். 'தடவினால் போதும்' என்ற விளம்பர வாசகத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

மூன்று மறுப்புகள்

"எங்கள் வீட்டில் கார் இல்லையே" என்று உங்களில் பலர் சொல்லக்கூடும். சைக்கிள் இருக்கிறதா? தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கி வந்துள்ள விலையில்லாச் சைக்கிள்களில் ஒன்று உங்கள் வீட்டுத் திண்ணையிலும் சாய்ந்திருக்கலாம். மட்கார்டும், ஸ்டாண்ட் உரசும் இடமும் எப்படி இருக்கின்றன? சைக்கிளுக்கும், மொபெட்டுக்கும், ஜன்னல் கம்பிக்கும், டிராக்டருக்கும் இதே விதிதான். இரும்புக்கு அது கார் என்றோ சைக்கிள் என்றோ தெரியாது.

"பெயின்ட்டர் செய்தால் இன்னும் நன்றாக இருக்குமே" என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான். ஆனால் கடுகளவுக் காயத்துக்காக யாரும் பட்டறைக்குப் போவதில்லை. "இன்னும் நாலு கீறல் விழட்டும், சேர்த்துப் பார்ப்போம்" என்று காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில்தான் தகடு போகிறது. பிறகு முழுக் கதவுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். பழைய கார் ஒன்றைக் கடன் வாங்கி வாங்கிய குடும்பத்துக்கு அது சின்னச் செலவா?

"அடைத்த இடம் தனியாகத் தெரிகிறதே" என்பது மூன்றாவது. தெரியத்தான் செய்யும். வெயிலில் நிறம் மங்கிய பெயின்ட்டும் புதுப் பெயின்ட்டும் ஒன்றாக இருக்காது. மெட்டாலிக் நிறத்தில் உள்ள அலுமினியத் துகள்கள், தெளிக்கும்போது படிவது போலத் தூரிகையில் படிவதில்லை. இருக்கட்டுமே! சட்டையில் போட்ட ஒட்டு, கிழிசலைவிட மேலானது. தெரியாமல் மறைந்த துருவைவிட, தெரியும்படி அடைத்த காயம் எவ்வளவோ நல்லது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். பட்டறையில் வெட்டி எறிந்த இரும்புத் தகட்டுத் துண்டுகள் மூன்று கேட்டு வாங்குங்கள். உப்புத்தாளால் தேய்த்து, மூன்றுக்கும் ஒரே எனாமல் பெயின்ட் பூசி நன்றாக உலர விடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஆணியால் இரும்பு தெரியும்படி பெருக்கல் குறி போலக் கீறுங்கள். ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, தினமும் மூன்றின் மேலும் தெளியுங்கள். ஒரு வாரம் சென்றதும் கழுவி உலர்த்துங்கள். முதல் துண்டை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் துருவின் மேலேயே பெயின்ட் பூசுங்கள். மூன்றாவதில் துருவை முழுவதும் எடுத்து, பிரைமர் வைத்துப் பெயின்ட் பூசுங்கள். பெயின்ட் உலர்ந்த பின், இன்னும் ஒரு மாதம் உப்பு நீர் தெளியுங்கள். கடைசியில் கீறலின் மேல் செலோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்து, எதில் எவ்வளவு பெயின்ட் கழன்று வருகிறது என்று அளந்து எழுதுங்கள்.

இது விளையாட்டுச் சோதனை அல்ல. பெயின்ட் தொழிற்சாலைகளிலும் இப்படிக் கீறித்தான் சோதிக்கிறார்கள். அங்கே 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 5 சதவீத உப்புக் கரைசலைப் பனி போலத் தெளிப்பார்கள். இப்படிப்பட்ட உலோக அரிப்பை ஆராயவே நமக்கு அருகில், காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்டது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலமும் கடற்காற்றின் உப்போடு நூறாண்டுக்கு மேல் போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலமானாலும் பானெட்டானாலும் இரும்பைத் தின்னும் எதிரி ஒன்றே.

துருவின் சமன்பாட்டைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதுகிறோம். அதே துரு வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைத் தின்பதைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எனக்கு வருத்தம் தருகிறது. படித்த இரசாயனம் கைக்கு இறங்க வேண்டாமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உங்கள் வீட்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். எத்தனை காயங்கள், எந்த அடுக்கு வரை என்று ஒரு தாளில் குறியுங்கள். ஐப்பசி மழை வருவதற்குள் எவற்றை அடைக்க வேண்டும் என்று அந்தத் தாளே உங்களுக்குச் சொல்லும்.